'கால்' என்ற சொல்லுக்கு எத்தனை கால்? தெரியுமா?

கடையில் "கால் கிலோ வெண்டைக்காய்" கேட்கிறோம். வீட்டுக்கு வந்து "கால் வலிக்குது" என்று உட்காருகிறோம். கல்யாணம் வந்தால் பந்தக்கால் நடுகிறோம். வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறோம். எல்லாவற்றிலும் அதே ஒரு சொல்! ஓர் எழுத்து, அதற்கு ஒரு துணை, ஒரு புள்ளி வைத்த எழுத்து, அவ்வளவுதான். இந்தச் சின்னச் சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது தெரியுமா? பக்கத்தில் வேறு சில சொற்களையும் நிறுத்தி வைத்துப் பாருங்கள். தலை சுற்றும்!

நாலு கால் சேர்ந்தால் ஒன்று!

மாட்டுக்கு நாலு கால். அதில் ஒரு கால், நாலில் ஒரு பங்கு. அதனால்தான் ¼-க்குக் 'கால்' என்று பெயர் வந்தது என்பார்கள். இது தமிழர் மட்டும் போட்ட கணக்கு என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! சமஸ்கிருதத்தில் 'பாதம்' என்றால் நடக்கிற காலும்தான், நாலில் ஒரு பங்கும்தான்! இந்தியில் கால் கிலோவுக்குப் 'பாவ்' கிலோ. நடக்கிற காலுக்கு? அதே 'பாவ்'தான், கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும்!

ஜாதகத்தில் "அசுவினி முதல் பாதம்" என்று எழுதுகிறார்களே, அது என்ன பாதம்? நட்சத்திரத்துக்கு ஏது கால்? அங்கே பாதம் என்றால் கால் பங்கு! 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம். பெருக்கிப் பாருங்கள்: 108! அதை 12 ராசிக்கும் பிரித்தால் தலைக்குச் சரியாக 9. மீதி ஒன்றுமே இல்லை!

அந்தக் காலத்துப் 'பை' காசு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்தப் பெயரும் இதே 'பாத'த்திலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். 12 பை ஓர் அணா, 192 பை ஒரு ரூபாய்! நம் காலணாவுக்கு 3 பை. 1943 முதல் 1947 வரை அடித்த காலணாவுக்கு நடுவில் ஓட்டை வேறு! ஓட்டைக் காலணா என்றே பெயர். 1957 ஏப்ரல் 1-இல் தசமக் காசு வந்தது. கால் ரூபாய், அதாவது நம் நாலணா, 25 பைசா ஆனது. 2011 ஜூன் 30-ஓடு அதுவும் செல்லாமல் போனது. காசு போயிற்று. ஆனால் "காலணா பெறாது" என்ற திட்டு மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது!

கன்னடத்திலும் மலையாளத்திலும் ¾-க்கு முக்கால்தான், நம்மைப் போலவே. தெலுங்கில்தான் ஆபத்து! அங்கே கடைக்காரர் 'பாதிக' என்றால் பாதி என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். தெலுங்குப் 'பாதிக' என்றால் கால்! 25-க்கும் அதே பெயர். முக்காலுக்கு 'முப்பாதிக'. நம் பாதி வேறு, அவர்கள் பாதிக வேறு!

இன்னொன்று. குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிறோமே, அந்த 'அரை' எது? இடுப்பு! உடம்பின் பாதியில் இருப்பதால் இடுப்புக்கு அரை என்று பெயர். அதற்குக் கீழே கால். உடம்பையே பின்ன வாய்ப்பாடாக்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

எட்டேகால் லட்சணமா நீங்கள்?

யாராவது உங்களை "எட்டேகால் லட்சணம்" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள்! அது பாராட்டு இல்லை.

பழைய தமிழ் எண்களில் 8-க்குக் குறி 'அ'. ¼-க்குக் குறி 'வ' மாதிரியே இருக்கும். எட்டும் காலும் சேர்ந்தால்? 'அவ'! எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம்! எப்படி இருக்கிறது திட்டு?

இதைச் சொன்னது ஔவையார், வாங்கிக்கொண்டது கம்பர் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதை அருமை. கம்பர் முதலில் ஒரு விடுகதை போட்டாராம்: ஒரு கால், மேலே நாலு இலைப் பந்தல், அது என்ன? அங்கேயும் பாருங்கள், கால்! விடை ஆரைக்கீரை. ஒற்றைக் காம்பு, உச்சியில் நாலே இலை. அந்த ஆரைக்கீரை பூக்கவே பூக்காது, தெரியுமா? அது பெரணி இனத்துச் செடி!

ஒரே பாட்டில் எட்டுப் பின்னம்!

காளமேகப் புலவர் காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடிய ஒரு வெண்பா. அதில் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று எட்டுப் பின்னம் ஒளிந்திருக்கிறது! கணக்கு வாத்தியார் பாட்டு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'முக்கால்' என்றால் அங்கே இரண்டு காலோடு ஊன்றுகோலும் சேர்ந்த மூன்று கால்! முதுமை வந்துவிட்டது என்று பொருள். 'முன்னரை' என்றால் முன் தலையில் நரை. 'இருமா' என்றால் இருமல். 'மாகாணி' என்றால் கடைசியில் எல்லோரும் போய்ச் சேரும் அந்தப் பெரிய நிலம், சுடுகாடு! 'ஒருமா' எது? ஏகாம்பரநாதர் வீற்றிருக்கும் ஒற்றை மாமரம்! இதற்கெல்லாம் முன்னால் அவரைக் கும்பிட்டுக்கொள் என்கிறார் புலவர்.

சரி, அந்தப் பின்னங்களின் அளவு தெரியுமா? அரைக்கால் 1/8. இருமா 1/10. மாகாணி 1/16. ஒருமா 1/20. காணி 1/80. முந்திரி 1/320! அதோடு விட்டார்களா? 'கீழ்' என்று முன்னால் சேர்த்தால் எந்தப் பின்னமும் இன்னொரு 320 மடங்கு சுருங்கிவிடும். கீழரை 1/640. கீழ்க்கால் 1/1,280. கீழ்முந்திரி? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1/1,02,400! கால்குலேட்டர் இல்லாத காலத்தில், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் வாய்ப்பாடாக ஒப்பித்தார்கள்!

எழுத்துக்கும் கால் உண்டு!

'கா' எழுதும்போது பக்கத்தில் ஒரு ா போடுகிறோமே, அதற்குப் பெயர் துணைக்கால். அதாவது 'கால்' என்று எழுதவே ஒரு கால் வேண்டும்! எழுத்துக்குக் கொம்பும் உண்டு. 'கொ'வைப் பாருங்கள்: முன்னால் கொம்பு, பின்னால் கால்!

இப்போது கணக்கு. உயிர்மெய் எழுத்துகள் மொத்தம் 216. அதில் துணைக்கால் வருபவை எவை? ஆகார வரிசை 18, ஒகர வரிசை 18, ஓகார வரிசை 18. மொத்தம் 54. 216-இல் 54 எத்தனை பங்கு? நீங்களே வகுத்துப் பாருங்கள்...

கால் பங்கு! துல்லியமாகக் கால் பங்கு! கால் வரும் எழுத்துகள் கால் பங்கு! யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தானாக அமைந்தது. நம்ப முடிகிறதா?

இதில் ஒரு சின்னக் கொசுறு. 1978-க்கு முன் அச்சில் ணா, றா, னா, அவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஒன்பதுக்கும் இந்தத் தனிக்கால் கிடையாது. எழுத்தின் வாலையே சுழித்து விடுவார்கள். பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டு வந்தார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. அதுவரை கால் வைத்த எழுத்து 45தான். கால் கணக்கு முழுதாக நிரம்பியதே அப்போதுதான்!

கால் இமைப்பொழுது!

ஒரு மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? கண் ஒரு தடவை இமைக்கிற நேரம், அல்லது கை நொடிக்கிற நேரம். குறில் 1 மாத்திரை, நெடில் 2, மெய் ½. கால் மாத்திரை ஒலிக்கும் எழுத்தும் உண்டு, தெரியுமா? 'போலும்' என்பது செய்யுளில் 'போன்ம்' என்று குறுகும். அந்தக் கடைசி 'ம்' இருக்கிறதே, அதற்குக் கால் மாத்திரைதான்! மகரக்குறுக்கம் என்று பெயர். கண்ணிமைப்பில் நாலில் ஒன்று! எந்தக் கருவியை வைத்து அளந்தார்கள்?

அதைவிட ஆச்சரியம், கை நொடிப்பையே நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்! நொடிக்க வேண்டும் என்று நினைப்பது கால். விரல்களைச் சேர்த்து ஊன்றுவது அரை. முறுக்குவது முக்கால். விட்டுச் சத்தம் எழுப்புவது ஒன்று. நினைப்புக்கும் நேரம் உண்டு என்று கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் சபாஷ்!

உடம்பே இலக்கணம்!

நன்னூலில் ஏழாம் வேற்றுமை உருபுகள் எத்தனை தெரியுமா? 28! அந்தப் பட்டியல் எப்படித் தொடங்குகிறது? கண், கால்... கொஞ்சம் தள்ளித் தலை, வாய்! இலக்கணப் புத்தகமா, உடற்கூறு புத்தகமா? 'ஊர்க்கால்' என்றால் ஊருக்குக் கால் முளைத்தது என்று பொருள் இல்லை. ஊரிடத்தில் என்று பொருள்!

கால் என்றால் 'தடவை' என்றும் ஒரு பொருள். ஒருகால், இருகால், பல்கால். இங்கேதான் சிக்கல்! "கோயிலை முக்கால் வலம் வந்தேன்" என்று பழந்தமிழில் ஒருவர் சொன்னால், மூன்று தடவை சுற்றினாரா, முக்கால்வாசி சுற்றிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாரா? அவரைத்தான் கேட்க வேண்டும்!

முக்காலி என்றால் மூன்று கால். நாற்காலி என்றால் நாலு கால். பெயரைக் கேட்டாலே பொருள் கண்ணில் தெரிகிறது. இலங்கைத் தமிழர் நாற்காலியில் உட்கார மாட்டார்கள், தெரியுமா? கதிரையில் உட்காருவார்கள்! போர்த்துக்கீசியர் விட்டுப்போன 'கதெய்ரா' அது. ஆட்சி போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கதிரை மட்டும் எழுந்து போகவில்லை!

அளக்கவும் மரக்கால், ஆடவும் மரக்கால்!

நெல் அளக்கிற மரக்கால் தெரியும். 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்றுக்கும் 'மரக்கால்' என்றே பெயர்! அசுரர்கள் பாம்பும் தேளுமாக உருமாறி ஊர்ந்து வந்தபோது, கொற்றவை மரத்தாலான காலைக் கட்டிக்கொண்டு அவற்றை மிதித்து ஆடினாளாம். அதுதான் மரக்கால் ஆடல்!

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து அளவு மரக்காலுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஆடவல்லான்'! ஆடுகிற சிவனின் பெயர், நெல் அளக்கிற மரக்காலுக்கு!

அந்த ஆடவல்லான் வழக்கமாக இடது காலைத் தூக்கித்தான் ஆடுவார். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் வலது கால் மேலே! ஒரே காலில் எத்தனை நேரம் நிற்பார், வலிக்காதா என்று பாண்டியன் வருந்திக் கேட்டதால் கால் மாறி ஆடினார் என்கிறது திருவிளையாடல். சாமிக்கும் கால் வலிக்கும் என்று கவலைப்பட்ட ராஜா!

திருக்கடையூருக்குப் போனால் சொல்லே விளையாடும். அங்கே மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனைக் காலால் உதைத்தார்! காலன் வடமொழிக் காலத்திலிருந்து வந்தவன், கால் நம் ஊர்க் கால். இரண்டுக்கும் உறவே இல்லை, உதைதான்!

காரைக்கால் அம்மையார் கதை இன்னும் விசேஷம். ஊர்ப் பெயரிலேயே கால் இருக்கிறது, ஆனால் கயிலாயத்துக்கு அவர் காலால் நடந்து போகவில்லை. புனித மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்தார்! திருவாலங்காட்டுக்கும் அப்படியே. பிறகு சம்பந்தர் அந்த ஊருக்கு வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சி வெளியிலேயே தங்கிவிட்டார் என்கிறது பெரியபுராணம். கோயிலில் 63 நாயன்மார் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார்!

காற்றும் கால், நீரும் கால்!

விநாயகர் அகவல் தினமும் சொல்கிறீர்களா? மூலாதாரத்தில் கனன்று எழும் கனலைக் 'காலால்' எழுப்புவது பற்றி ஔவையார் சொல்கிறார். உதைத்தா எழுப்புவது? இல்லை! அங்கே கால் என்றால் மூச்சுக்காற்று! பழந்தமிழில் காற்றுக்குக் கால் என்று ஒரு பெயர் உண்டு. தினமும் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

'வாய்க்கால்' என்ற சொல்லைத் திருப்பிப் போடுங்கள். 'கால்வாய்'! இரண்டிலும் தண்ணீர்தான் ஓடுகிறது. வரப்போரம் சின்னதாக ஓடினால் வாய்க்கால். 1869-இல் திறந்த சூயஸ் மாதிரி கப்பல் போனால் கால்வாய். வேறு எந்தச் சொல்லை முன்பின்னாக மாற்றிப் போட்டால் கப்பல் போகும் சொல்லுங்கள்!

'காலுதல்' என்று ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது. கக்குதல் என்று பொருள். நஞ்சு காலும் பாம்பு, தீ காலும் விழி. பாம்புக்குத்தான் கால் இல்லையே என்கிறீர்களா? பொறுங்கள்!

"பாம்பின் கால் பாம்பறியும்" என்ற பழமொழி கிண்டலாகத் தோன்றும். ஆனால் மலைப்பாம்பின் வயிற்றுப் பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், இரண்டு குட்டி நகங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை என்ன தெரியுமா? பின்னங்கால்களின் மிச்சம்! பாம்புகளின் மூதாதைகளுக்குக் கால் இருந்தது. பழமொழிக்காரர் இதைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாம்புக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

ஆயிரம் கால் எண்ணியாயிற்றா?

மதுரை மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்? ஆயிரமா? 985! திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில்? 953! யாரும் குறை சொல்வதில்லை. அந்த அழகுக்கு முன்னால் 15 தூணையும் 47 தூணையும் எண்ணிக்கொண்டிருப்பவர் யார்?

மரவட்டை, பூரான் கதையும் இதுதான். ஆங்கிலத்தில் மரவட்டையின் பெயருக்கே 'ஆயிரங்கால்' என்றுதான் பொருள். ஆனால் நெடுங்காலம் எந்த மரவட்டைக்கும் ஆயிரம் கால் இருந்ததில்லை. அதிகபட்சம் 750. பெயர் வைத்தவர் தப்பாக வைத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் வந்தது செய்தி! மேற்கு ஆஸ்திரேலியாவில், தரைக்கு 60 மீட்டர் ஆழத்தில் ஒரு மரவட்டை. நீளம் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை, அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கால்கள்? 1,306! அதற்குக் கண்ணே கிடையாது!

பூரானுக்கு ஆங்கிலத்தில் 'நூறு கால்' என்று பொருள்படும் பெயர். ஆனால் வளர்ந்த பூரானுக்குக் கால் ஜோடிகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும்: 15 ஜோடி, 21 ஜோடி, 23 ஜோடி இப்படி. சரியாக 100 கால் வேண்டுமென்றால் 50 ஜோடி வேண்டுமே, அது இரட்டைப்படை! ஆக நூறு கால் அதற்கு வாய்க்காது!

நம் புலவர்கள் எண்ணினால் எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? வண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அறுகால்'! பூச்சி இனத்துக்கு ஆறு கால் என்பதுதான் இன்றைய விலங்கியல் பாடமும். சரபத்துக்கு வைத்த பெயர் 'எண்காற்புள்'. எட்டுக் கால் பறவை! அதை மட்டும் எங்கே பார்த்து எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள்.

கால்நடை எத்தனை கோடி?

"கால்நடையாக வந்தேன்" என்றால் நடந்து வந்தேன். "கால்நடை வந்தது" என்றால் ஆடு மாடு வந்தது! 2019-இல் எடுத்த 20-ஆவது கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கால்நடைகள் 53 கோடியே 57 லட்சத்துக்கும் மேல்! நாலால் பெருக்கினால் 214 கோடிக்கு மேல் கால்கள்!

மாடு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள். திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வரும் 'மாடு' கொம்பு வைத்த மாடு இல்லை, சொத்து!

அசலூர்க் கால்கள்!

தெலுங்கிலும் கால் என்றால் 'காலு'. அதே 'காலு' வினைச்சொல்லாக வந்தால்? எரிதல்! கை சுட்டுவிட்டது என்பதைத் தெலுங்கர் "செய்யி காலிந்தி" என்பார். நம் காதில் கையும் காலும் சேர்ந்து விழும்!

ஆங்கிலக்காரர் காலை இரண்டாகப் பிரித்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு பெயர், அதற்குக் கீழே இன்னொரு பெயர் வைத்திருக்கிறார். நமக்கு எல்லாமே கால்தான்! ரஷ்ய மொழியிலும் நம்மைப் போலத்தான். 'நகா' என்றால் முழுக் காலும் பாதமும் சேர்த்து.

கொரிய மொழியில் காலுக்கு 'தாரி'. பாலத்துக்கு? அதுவும் 'தாரி'! நம் 'காலை'க் கொஞ்சம் குறுக்கிக் 'கல்' என்றால் கொரியருக்குக் கத்தி!

ஜப்பானிய மொழியில் கால் 'அஷி'. அதற்கு முன்னால் மரியாதைக்கு ஓர் 'ஓ' சேர்த்து 'ஓ-அஷி' என்றால்? பணம்! கால் முளைத்த மாதிரி ஓடிவிடுகிறதல்லவா, அதனால்தான் என்கிறார்கள். மாதக் கடைசியில் அது எல்லா மொழிக்காரருக்கும் புரியும்!

மலாய் மொழியில் 'காக்கி' என்றால் கால், அடி என்ற நீட்டலளவையும் அதுவே. பேச்சில் வெறியருக்கும் அதே சொல்! 'காக்கி போலா' என்றால் பந்துப் பைத்தியம், 'காக்கி போத்தோல்' என்றால் பாட்டில் பைத்தியம். மலேசியத் தமிழரைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்!

ஆக்ஸ்போர்டு அகராதியில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் கண்டிருக்கிறார்கள். ரன் என்றால் ஓடு. ஓடுவதற்கு என்ன வேண்டும்? கால்தானே!

காலின் சொந்தக்காரர்கள்!

காலுக்குத் தமிழில் வேறு பெயர்கள்: அடி, தாள், கழல், சரணம். ஒவ்வொன்றும் ஒரு ரகம்!

'அடி' என்றால் பாதம், உதை, மரத்தின் வேர்ப்பக்கம், செய்யுளின் ஒரு வரி, 12 அங்குலம், தோழியை விளிக்கும் சொல். "அடி, ஏன்டி அந்த மரத்தடியில நிக்கிறே, அம்மா அடிப்பா!" ஒரே வாக்கியத்தில் மூன்று அடி!

'தாள்' என்றால் இறைவன் திருவடி. நெல் அறுத்தபின் நிற்பதும் தாள். தேர்வில் நீட்டுவதும் தாள். கும்பிடவும் தாள், குலை நடுங்கவும் தாள்!

'சரணம்' இன்னும் வேடிக்கை. வடமொழியில் இரண்டு வேறு சொற்கள்: ஒன்று அடைக்கலம், மற்றொன்று கால். தொடக்க எழுத்தே வேறு. தமிழில் இரண்டையும் 'சரணம்' என்றே எழுதுகிறோம்! ஐயப்பமார் சொல்லும் சரணம் அடைக்கலம். பல்லவி, அனுபல்லவிக்கு அடுத்து வரும் சரணம் கால்! பாட்டும் காலூன்றித்தான் முடிகிறது.

பேச்சுவழக்கில் கால் படும் பாடு? காலைப் பிடித்தால் கெஞ்சல், காலை வாரினால் துரோகம். ஒற்றைக்காலில் நின்றால் பிடிவாதம். பையனுக்குக் கால்கட்டு போட்டால் கல்யாணம்! கட்டிலில் தலை வைக்கும் பக்கம் தலைமாடு, கால் நீட்டும் பக்கம் கால்மாடு. கட்டில் மேலே இரண்டு மாடு!

இப்போது புதுக் கால் ஒன்றும் வந்திருக்கிறது. "ஒரு கால் பண்ணு", "மிஸ்டு கால் குடு". பழைய 'ஒருகால்' என்றால் ஒருவேளை. புதிய 'ஒரு கால்' என்றால் ஒரு போன். கால் டாக்ஸி என்றால் கால்வாசி டாக்ஸி இல்லை, நடிகரின் கால்ஷீட்டுக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை! கால்சியம்? சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் அது இல்லாவிட்டால் கால் எலும்பு நிற்காது, போகட்டும்!

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்துக்குக் கல் எடுக்கப் போகும் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? கால்கோட் காதை! கல் நாட்டுவதற்கு முந்தைய சடங்கு கால்கோள். இன்றைக்கும் புதுக் கட்டடம் தொடங்கினால் அழைப்பிதழில் "கால்கோள் விழா" என்று அச்சடிக்கிறோம்!

கடைசியாக ஒன்று. காலும் முக்காலும் மாகாணியும் முந்திரியும் ஓலைச்சுவடியோடு போய்விட்டன என்று நினைத்தீர்களா? 2019-இல் வந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழுக்கென்று புதிதாக ஒரு தொகுதியே சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் 51 குறிகள்! கால், அரை, முக்கால், முந்திரி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். 320 மடங்கு சுருக்கும் அந்தக் 'கீழ்' குறிக்குக்கூட ஓர் இடம் உண்டு!

உங்கள் ஊர்ப் பேச்சில் இதில் வராத 'கால்' ஏதாவது இருக்கிறதா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையிலேயே கேளுங்கள்!